திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டருக்கு ஏன் ஒரு மணி நேரம்?

கேள்வி இதுதான்: திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான்வழித் தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு? தூரத்தை வேகத்தால் வகுத்தால் இருபத்திரண்டு நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டில் ஒரு மணி நேரம் என்று இருக்கிறது. இதில் எதை நம்புவது?

முதலில் நேரடிப் பதில். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் இடம் பலாலி. திருச்சி, பலாலி ஆகிய இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 184 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 99 கடல் மைல். சக்கரம் தரையை விட்டு எழும்புவதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை உத்தேசமாக 35 முதல் 40 நிமிடம். அட்டவணையில் இருப்பது ஒரு மணி நேரம். இருபத்திரண்டு நிமிடம் என்பது, விமானம் திருச்சிக்கு மேலே முழு வேகத்தில் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்து, பலாலிக்கு மேலே நிற்காமல் கடந்து போனால் ஆகும் நேரம். அப்படி யாரும் பயணம் செய்வதில்லை. ஆகவே பயணத் திட்டத்துக்கு டிக்கெட்டில் உள்ள ஒரு மணி நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால், வேறு எந்தக் குறுந்தூர வழிக்கும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

தூரக் கணக்கிலிருந்து தொடங்குவோம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம், கைபேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். திருச்சி விமான நிலையம் வடக்கு அட்சரேகை 10.765, கிழக்குத் தீர்க்கரேகை 78.710. பலாலி 9.792, 80.070. வடக்கு தெற்காக வித்தியாசம் 0.973 பாகை. நம் பகுதியில் ஒரு பாகை அட்சம் ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், ஆகவே 107.6 கிலோமீட்டர் தெற்கே இறங்க வேண்டும். கிழக்கு மேற்காக வித்தியாசம் 1.360 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால் நம் அட்சத்தில் ஒரு பாகைக்கு 109.5 கிலோமீட்டர்தான் கிடைக்கும். அது 149 கிலோமீட்டர். இனி பள்ளிக்கூடத்தில் படித்த செங்கோண முக்கோணம்: 107.6-இன் வர்க்கத்தையும் 149-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 183.8. பூமியின் வளைவை முழுதாகக் கணக்கில் எடுக்கும் கோள முக்கோணச் சூத்திரத்தைப் போட்டாலும் இந்த அளவு குறுகிய தூரத்தில் விடை சில நூறு மீட்டர்கூட மாறாது. சென்னை–லண்டன் போன்ற நீண்ட வழிகளில்தான் அந்தச் சூத்திரம் அவசியம்.

இந்த 184 என்ற எண்ணை வெறுமனே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பக்கத்து ஊர்களோடு வைத்துப் பாருங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் 184 கிலோமீட்டர்தான். ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. மேற்கே போனால் கோவை, தென்கிழக்கே போனால் யாழ்ப்பாணம். சென்னை திருச்சியிலிருந்து 293 கிலோமீட்டர், அதாவது யாழ்ப்பாணத்தைவிட நூறு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். மதுரை மட்டும்தான் நன்றாகக் கிட்டே இருக்கிறது, 123 கிலோமீட்டர். திருச்சிக்காரர்கள் பலருக்கு யாழ்ப்பாணம் என்றால் ஏதோ வெகுதூரத்து ஊர் என்ற எண்ணம் இருக்கிறது. போர் நடந்த பல பத்தாண்டுகளில் வழி அடைபட்டுக் கிடந்ததால் வந்த எண்ணம் அது. வரைபடத்தில் அளந்தால் கோயம்புத்தூர் தூரம்தான்.

நேர்க்கோடு எந்த ஊர்களுக்கு மேலே போகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பும் கோடு கந்தர்வகோட்டைக்குப் பக்கத்தில் கடந்து, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே நுழைந்து, அதிராம்பட்டினம் – மல்லிப்பட்டினம் கரையோரத்தில் கடலைத் தொடுகிறது. அதுவரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அதற்கு அப்பால் பாக் நீரிணை. அதுவும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். காங்கேசன்துறைக் கரையைத் தாண்டியதும் ஓரிரு நிமிடத்தில் பலாலி. பாதி நிலம், பாதி கடல். வானம் தெளிவாக இருந்தால் இடப்பக்க ஜன்னலில் வடகிழக்கே கோடியக்கரை முனையும், யாழ்ப்பாணம் நெருங்கும்போது வலப்பக்கத்தில் காரைநகரும் மற்றத் தீவுகளும் தென்படும். இந்த வழியில் பறக்கும் ஏடிஆர் என்ற புரொப்பெல்லர் விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருக்கும், கீழே பார்க்கத் தடை இருக்காது. பிற்பகல் பயணம் என்றால் வலப்பக்கம் வெயில் அடிக்கும், அதையும் நினைவில் வைத்து இருக்கை எடுங்கள்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டின் மேலேயே நூல் பிடித்தாற்போல் போகும் என்று நினைக்க வேண்டாம். வான்வெளியிலும் வகுக்கப்பட்ட பாதைகள் உண்டு, பெயரிடப்பட்ட புள்ளிகள் உண்டு. கடலுக்கு நடுவே சென்னை கட்டுப்பாட்டு எல்லை முடிந்து கொழும்பு கட்டுப்பாட்டு எல்லை தொடங்குகிறது. அங்கே ஒரு கட்டுப்பாட்டாளர் விமானத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். புறப்படும் திசை, இறங்கும் திசை இரண்டும் சேர்ந்து இன்னும் சில கிலோமீட்டரைக் கூட்டும். 184 என்பது குறைந்தபட்சத் தூரம். உண்மையில் பறக்கும் தூரம் அதைவிட இருபது முப்பது கிலோமீட்டர் கூடுதலாக இருந்தால் அதில் வியப்பில்லை.

இனி நேரம். இந்த வழியில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ சேவையைத் தொடங்கியபோது பயன்படுத்தியது ஏடிஆர் 72-600 ரக விமானம். இரண்டு புரொப்பெல்லர் எஞ்சின், எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம். சமதளப் பறப்பில் அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். தூரத்தை வேகத்தால் வகுக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளும் எண் இந்த 500 தான். சிக்கல் என்னவென்றால், இந்தப் பயணத்தில் அந்த வேகத்தில் பறக்கிற நேரம் மிகவும் சொற்பம்.

ஒரு பயணத்தைப் பிரித்துப் பார்ப்போம். எண்கள் எல்லாம் உத்தேசம். ஒவ்வொரு நாளும் எடை, காற்று, வெப்பத்தைப் பொறுத்து மாறும். கதவு மூடியதும் எஞ்சின் இயக்கம், டாக்ஸி அனுமதி (தரையில் நகர்வதற்கான அனுமதி), ஓடுபாதை முனைக்கு ஊர்ந்து செல்வது, முன்னே ஒரு விமானம் இறங்கினால் காத்திருப்பது: எட்டு முதல் பத்து நிமிடம். எழும்பியபின் பதினாலாயிரம் அடி உயரத்துக்கு ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏடிஆர் சராசரியாக நிமிடத்துக்கு 1,200 அடி வீதம் ஏறினால் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஏறும்போது வேகம் குறைவு, அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 38 கடல் மைல். இறங்குவதற்கு விமானிகள் எல்லோரும் கைவிரலில் வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் மூன்று கடல் மைல். பதினாலாயிரம் அடியிலிருந்து இறங்க 42 கடல் மைல் முன்னாலேயே தொடங்க வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம்.

மொத்தம் 99 கடல் மைல். ஏற்றத்துக்கு 38, இறக்கத்துக்கு 42. மிச்சம் 19. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் சமமாகப் பறக்கக் கிடைக்கும் தூரம் இந்தப் பத்தொன்பது கடல் மைல்தான். நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஏறி முடித்துக் கால் ஊன்றுவதற்குள் இறங்கத் தொடங்கியாயிற்று. இதனால்தான் இந்த வழியில் விமானம் அதன் உச்ச உயரமான 25,000 அடிக்குப் போக வழியே இல்லை. அங்கே ஏறி இறங்கவே தூரம் போதாது.

இறக்கத்தின் கடைசியில் இன்னொரு செலவு இருக்கிறது, பலாலிக்கே உரியது. அங்கே ஓடுபாதை வடகிழக்கு – தென்மேற்காகக் கிடக்கிறது, விமானிகள் 05/23 என்பார்கள். திருச்சியிலிருந்து விமானம் வரும் திசை வடமேற்கு. அதாவது ஓடுபாதைக்கு ஏறக்குறைய செங்குத்தாக வருகிறது. நேரே வந்து நேரே இறங்க முடியாது. ஏதாவது ஒரு பக்கம் சுற்றிப் போய், ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி, சில மைல் தூரம் நிலையாக வந்துதான் இறங்க வேண்டும். அதற்கு ஐந்து முதல் எட்டு நிமிடம் போகும். திருச்சியிலோ ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. கிழக்கு நோக்கி எழும்பினால் யாழ்ப்பாணத்துக்கு வசதி. மேற்கு நோக்கி எழும்ப வேண்டிய நாளில் திரும்பி வருவதற்கு இரண்டு மூன்று நிமிடம் கூடும். தூரக் கணக்கு மட்டும் போடுகிறவர்கள் ஓடுபாதை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிப்பதே இல்லை. நாலு மணி நேரப் பயணத்தில் இது தூசு. நாற்பது நிமிடப் பறப்பில் ஆறில் ஒரு பங்கை இதுவே தின்றுவிடும்.

கூட்டிப் பாருங்கள்: ஏற்றம் பன்னிரண்டு, சமதளம் ஐந்து, இறக்கம் பன்னிரண்டு, சுற்றி நேராவது ஆறேழு. முப்பத்தைந்து நிமிடத்தைத் தொட்டுவிட்டது. இரண்டு பக்கமும் தரையில் ஊர்வது பன்னிரண்டு நிமிடம் போல. நாற்பத்தேழு, ஐம்பது. மீதிப் பத்து நிமிடம் அட்டவணை போடுகிறவர்கள் வைக்கும் இடைவெளி. அதை ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறுநாட்டு வான்வெளிக்குள் நுழையும் விமானம் இது. ஒப்படைப்பில் தாமதம், மழைமேகத்தைச் சுற்றிப் போவது, திருச்சியில் வரிசை என்று ஏதாவது ஒன்று அநேகமாக நடக்கும். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் தினமும் தாமதம் என்றே பலகையில் எழுத வேண்டியிருக்கும். அதே விமானம்தான் பலாலியில் ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. ஆகவே போகும்போது ஆகும் தாமதம் அப்படியே திரும்பும் பயணிகள் தலையிலும் விழும்.

காற்றைப் பற்றித் தனியாகக் கேட்பவர்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது, போகும் விமானத்துக்கு அது முதுகைத் தள்ளும், திரும்பும் விமானத்துக்கு முகத்தில் அடிக்கும். 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) காற்று என்றால் போக இரண்டு நிமிடம் குறையும், வர மூன்று நிமிடம் கூடும். அவ்வளவுதான். நீண்ட வழிகளில் காற்று ஒரு மணி நேரம் வித்தியாசம் காட்டும். இங்கே பறப்பே குறைவு என்பதால் காற்றுக்கு வேலை செய்ய நேரம் கிடைப்பதில்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. டெல்டாவும் யாழ்ப்பாணக் குடாநாடும் ஒரே நேரத்தில் நனையும் காலம் அது. தாழ்ந்த மேகமும் கனமழையும் பலாலியில் இறங்கவிடாமல் செய்தால் விமானம் வட்டமடித்துக் காத்திருக்கும், அல்லது வேறு நிலையத்துக்குத் திரும்பும். இதற்காகவே கையிருப்பு எரிபொருள் ஏற்றுகிறார்கள். இவ்வளவு குறுகிய வழியில் பயணத்துக்கு எரிப்பதைவிடக் கையிருப்பாகச் சுமந்து போவது அதிகமாக இருக்கும். குறுந்தூர டிக்கெட் விலை தூரத்துக்கு ஏற்பக் குறையாததற்கும் இது ஒரு காரணம். தரையிறங்கும் கட்டணம், பயணிகள் வரி, ஒவ்வொரு எழும்பலிலும் எஞ்சினுக்கு ஆகும் தேய்மானம் எதுவும் கிலோமீட்டர் பார்ப்பதில்லை.

ஜெட் விமானம் விட்டால் சீக்கிரம் போகலாமே என்ற கேள்வியும் இதோடு வரும். ஐந்தாறு நிமிடம் குறையலாம், அதற்கு மேல் இல்லை. சமதளத்தில் பறக்கும் பகுதியே ஐந்து நிமிடம் என்றால், அங்கே வேகம் கூட்டி எதைச் சேமிப்பது? 2019-இல் பலாலியைச் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது சீரமைத்த ஓடுபாதையும் ஏடிஆர் அளவு விமானத்தை மனதில் வைத்ததுதான். இந்தத் தூரத்துக்கும் இந்த ஓடுபாதைக்கும் புரொப்பெல்லர் விமானமே பொருத்தம் என்பது என் கருத்து.

ஒரு ஒப்பீட்டைச் சொன்னால் இன்னும் விளங்கும். சென்னை – பலாலி நேர்க்கோட்டில் 354 கிலோமீட்டர், திருச்சி வழியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் ஏடிஆரில் அட்டவணை நேரம் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரைதான். தூரம் இரட்டித்தபோது நேரம் பதினைந்து முதல் முப்பது நிமிடம்தான் கூடியது. காரணம், ஊர்வது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது எல்லாம் எந்த வழியிலும் ஒருமுறைதான். கூடுதல் தூரம் முழுவதும் முழு வேகத்தில் கழிகிறது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே குறைந்தபட்சக் கட்டணம் விழுந்துவிடுகிற மாதிரி, விமானத்திலும் ஏறியவுடன் ஒரு நேரம் விழுந்துவிடுகிறது. ஏடிஆருக்கு அது 37 நிமிடம் என்று வைத்துக்கொண்டு, கிலோமீட்டரை எட்டால் வகுத்துக் கூட்டுங்கள். திருச்சி – பலாலி: 184 வகுத்தல் எட்டு 23, கூட்டல் 37, அறுபது நிமிடம். சென்னை – பலாலி: 44 கூட்டல் 37, எண்பத்தொன்று. திருச்சி – சென்னை: 293-க்கு 37 கூட்டல் 37, எழுபத்துநாலு. இவை அட்டவணைகளை ஒட்டியே வருகின்றன. இது நானாக வைத்துக்கொண்ட எளிய வாய்ப்பாடு, விதி அல்ல. ஆனால் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு அரைமணி கூட்டும் பொதுக் கணக்கைவிட நம் ஊர்க் குறுவழிகளுக்கு நன்றாகப் பொருந்துகிறது. அந்தப் பொதுக் கணக்கில் திருச்சி – பலாலிக்கு 44 நிமிடம் வரும். அது ஜெட் விமானத்துக்கும் நேர்க்கோட்டுப் பறப்புக்கும் போட்ட கணக்கு.

ஜெட்டுக்கு ஓர் உதாரணம் கையருகே இருக்கிறது. திருச்சி – கொழும்பு கட்டுநாயக்க வழி 417 கிலோமீட்டர், ஜெட் விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பலாலியைவிட இரண்டேகால் மடங்கு தூரம், ஆனால் டிக்கெட்டில் அதே ஒரு மணி நேரம். தூரமும் நேரமும் ஒன்றையொன்று எவ்வளவு தூரம் பின்பற்றாமல் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த வழி புதியது அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அமைத்தது. ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் சேவையே, 1947 டிசம்பர் 10 அன்று, கொழும்பை அடுத்த ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்ததுதான். அந்தக் காலத்தில் பலாலி நிலையத்தைக் காங்கேசன்துறை என்றே குறிப்பிடுவார்கள். பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கும் டகோட்டா விமானங்கள் பறந்தன. டகோட்டாவின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர் போல. 99 கடல் மைலை அது கடக்க நாற்பது நிமிடம், ஏற்ற இறக்கத்தோடு நாற்பத்தைந்து, ஐம்பது என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய ஏடிஆர் முப்பத்தைந்து நாற்பது. முக்கால் நூற்றாண்டுத் தொழில்நுட்பம் இந்த வழியில் மிச்சப்படுத்தியது பத்து நிமிடம்தான். ஆனால் போர் தொடங்கி வழி மூடியபோது, யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்கு வர வேண்டியவர்கள் கொழும்புக்கு இறங்கி அங்கிருந்து வர வேண்டியதாயிற்று. அதற்கும் வழியில்லாதவர்கள் படகேறினார்கள். மணிக்கணக்கு நாள்கணக்காக மாறியது அப்போதுதான். வேகமான விமானம் தரும் லாபத்தைவிட, வழி திறந்திருப்பது தரும் லாபம் எத்தனையோ மடங்கு பெரியது.

2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அந்த நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் இண்டிகோவும் சென்னையிலிருந்து சேர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு திருச்சி. திருச்சி விமான நிலையத்தை ஒட்டியே கொட்டப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. ஓடுபாதையிலிருந்து எழும்பும் விமானங்களைப் பார்த்தபடியே அங்கே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து பெரியவர்களாகிவிட்டது. அவர்களுடைய சொந்த ஊர் கோயம்புத்தூர் தூரத்தில்தான் இருந்தது என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்றும் அவர்களில் பலருக்குக் கடவுச்சீட்டு, குடியுரிமை, வெளியேறும் அனுமதி என்று தாண்ட வேண்டிய படிகள் பல இருக்கின்றன. தூரத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி நடைமுறை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எவ்வளவு என்பதுதான் பயணிக்குத் தேவை. இது வெளிநாட்டுப் பயணம், ஆகவே திருச்சியில் இரண்டரை மணி நேரம் முன்பாவது நிற்க வேண்டும். 2024 ஜூனில் செயல்படத் தொடங்கிய புதிய முனையம் விசாலமானது; ஆனால் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகும் விமானங்கள் ஒன்றாகச் சேரும் வேளையில் இமிகிரேஷன் வரிசை நீளும். பலாலியில் முனையம் சின்னது, வருகிறவர்கள் ஒரு விமானத்து ஆட்கள்தான். இமிகிரேஷன், சுங்கம், பெட்டி எடுப்பது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து யாழ்ப்பாண நகரம் பதினாறு பதினேழு கிலோமீட்டர், பலாலி வீதி வழியே அரைமணி நேரம். நிலையத்தைச் சுற்றி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் இருப்பதால், அழைத்துப் போக வரும் உறவினர்கள் எந்த இடம்வரை வரலாம் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆக, திருச்சியில் வீட்டை விட்டுக் கிளம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். அதில் ஆகாயத்தில் இருப்பது நாற்பது நிமிடம்.

இதைக் கொழும்பு வழியோடு ஒப்பிடுங்கள். திருச்சியில் அதே இரண்டரை மணி, பறப்பு ஒரு மணி, கட்டுநாயக்கவில் ஒரு மணி, அதன்பின் வடக்கே ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தரைப் பயணம். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து யாழ்தேவி ரயிலைப் பிடித்தாலும் பேருந்தில் போனாலும் ஏழெட்டு மணி நேரம். ரயில் நேரத்துக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும். கொழும்பில் வேலை இருந்தாலொழிய வயதானவர்களை அந்த வழியில் அனுப்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கடல் வழியும் இருக்கிறது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. நேர்க்கோட்டில் 107 கிலோமீட்டர், கடல் மேல் ஏறக்குறைய நான்கு மணி நேரம். நாகப்பட்டினமும் திருச்சியும் ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஆகவே திருச்சிக்காரர் முதலில் நேர் கிழக்கே நாகைக்கு மூன்றரை மணி நேரம் போய், அங்கிருந்து நேர் தெற்கே கடலைக் கடக்க வேண்டும். காலையில் சோதனைக்கு நிற்க வேண்டும் என்பதால் முந்தைய இரவே நாகையில் தங்குவது நல்லது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டத்துக்காரர்களுக்குக் கப்பல் ஒத்துவரும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிறுத்தப்படும் என்பதால் திருமணம், காரியம் போன்ற தள்ளிப்போட முடியாத நிகழ்ச்சிக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே நேரம், கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தை வருகை நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம் அப்படியே கிடைக்கும். 1996 முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கை தன் கடிகாரத்தை இந்தியாவைவிட முன்னே தள்ளி வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பழைய அட்டவணை ஏதாவது கண்ணில் பட்டால், கொழும்புக்குப் போக ஒன்றரை மணி, வர அரைமணி என்பதுபோலத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

கடைசியாக, தொடர் விமானம் பிடிக்க வேண்டியவர்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி வந்து அங்கிருந்து சிங்கப்பூருக்கோ கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தால் திருச்சியில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். தனி டிக்கெட் என்றால் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு இந்தியாவுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படும். ஒரே முன்பதிவில் இரண்டும் இருந்தால் பெட்டி நேரே போகுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சேவை வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்பது கோடைகால, குளிர்கால அட்டவணை மாறும்போது, அதாவது மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறக்கூடும். அந்த இரண்டு மாதங்களை ஒட்டிப் பயணம் இருந்தால், முன்பு பார்த்த நேரத்தை வைத்துத் திட்டமிடாமல் புதிய அட்டவணை வெளியானபின் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மற்ற ஏற்பாடுகளைச் செய்யுங்கள்.